குடம் போய்க் குழாய் வந்தது

நம் சங்கத்தின் இரத்ததானப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றிப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. 2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பட்டியலை நானே அழித்துவிட்டேன். மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

பட்டியல் இருப்பது அமேசானின் எஸ்3 என்னும் சேமிப்பகத்தில், மும்பை மையத்தில். புதிய பெயர் வந்தால் லாம்ப்டாவில் ஓடும் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பழைய பட்டியலைப் படித்து, கீழே ஒரு வரி சேர்த்து, திரும்ப எழுதி வைக்கும். எஸ்3யுடன் பேச அமேசான் தரும் லைப்ரரி ஒன்று உண்டு. அதன் மூன்றாம் பதிப்பு 2020 டிசம்பரில் வெளிவந்தது. லாம்ப்டாவில் நோட் 16 வரை இரண்டாம் பதிப்பு கூடவே வந்தது. 2022 நவம்பரில் வந்த நோட் 18 முதல் மூன்றாம் பதிப்பு மட்டுமே. நோட் 16க்கு ஆதரவு முடிந்த ஜூனில் நானும் மாற வேண்டியதாயிற்று. (இரண்டாம் பதிப்புக்கான ஆதரவும் 2025 செப்டம்பர் 8 அன்று முடிந்துவிட்டது.)

மாற்றியவுடன் நிரல் நின்றது. 'ஏடபிள்யூஎஸ்-எஸ்டிகே' என்ற தொகுப்பைக் காணவில்லை என்றது. மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் தனித் தொகுப்பு. எஸ்3க்கு உரியதைக் கேட்டு வாங்கினேன். அடுத்து, அழைப்பின் இறுதியில் 'பிராமிஸ்' என்று எழுதும் பழைய வழக்கம் செல்லாது என்றது. நீக்கினேன். பிறகு பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்குச் செயலாளர் அம்மாவிடமிருந்து தொலைபேசி. ஒரு குழந்தைக்கு ஓ நெகடிவ் இரத்தம் வேண்டுமாம். "தம்பி, லிஸ்ட்ல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. மேல ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்னு என்னமோ இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். இரண்டாம் பதிப்பில் கோப்பைக் கேட்டால், விடையின் 'பாடி' என்ற பகுதியில் முழுக் கோப்பும் வந்து சேரும். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது போல. மூன்றாம் பதிப்பு குழாயைக் காட்டுகிறது. திறந்து பிடித்துக்கொள்வது நம் வேலை. என் நிரலோ குடம் என்று எண்ணி 'டூஸ்ட்ரிங்' போட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மறுக்கவில்லை, 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று எழுதிக் கொடுத்தது. அதன் கீழே புதிய பெயரைச் சேர்த்து, பழைய பட்டியலின் மேல் நிரல் எழுதிவிட்டது.

எஸ்3யில் 'வெர்ஷனிங்' என்ற வசதி உண்டு. மேலெழுதினாலும் முந்தைய பிரதி அப்படியே இருக்கும். நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் அது இயங்கும். நல்ல வேளையாக முன்பே செய்திருந்தேன். பத்து நிமிடத்தில் பட்டியல் திரும்பியது. நம் அன்பர்கள் இருவர் அன்றிரவே மருத்துவமனைக்குப் போனார்கள்.

பிழையைத் திருத்த 'டிரான்ஸ்ஃபார்ம் டூஸ்ட்ரிங்' என்ற புதிய கட்டளை இருக்கிறது. முன்னால் 'அவெய்ட்' போட மறக்கக் கூடாது. ஒரு விடைக்கு ஒரு முறைதான் அது செல்லும். மறுபடி வேண்டுமானால் முதல் முறை வந்ததை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் குழாயிலிருந்து வரும் துண்டுகளை வந்தபடியே எழுத்தாக்கி ஒட்டுவார்கள். நமக்கு அது ஆகாது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். துண்டு நடுவில் வெட்டுப்பட்டால் பெயரில் ஓர் எழுத்து போய்க் கேள்விக்குறி நிற்கும். ஆங்கிலக் கோப்பை வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

இதே போல ஓசையில்லாமல் மாறிய இன்னொன்றையும் அப்போது கண்டுபிடித்தேன். கோப்பு இல்லாவிட்டால் பழைய பதிப்பு பிழையின் 'கோட்' என்ற இடத்தில் 'நோசச்கீ' என்று சொல்லும். புதியதில் அது 'நேம்' என்ற இடத்தில் இருக்கிறது. பழைய இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. "கோப்பு இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு" என்று நாம் எழுதிய பகுதி ஓடவே ஓடாது.

பழைய நிரலைப் புதிய முறைக்கு மாற்றித் தர அமேசானே ஒரு கருவி தருகிறது. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வந்த விடையை நம் நிரல் என்ன செய்கிறது என்று வரி வரியாக நாம்தான் பார்க்க வேண்டும். இப்போது என் நிரல், படித்த பட்டியல் முந்தைய அளவைவிடச் சிறியதாக இருந்தால் எழுதாமல் நின்று எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. இதுவரை ஒரு முறை வந்தது. ஊர் மாறிப் போன ஒருவர் தம் பெயரை நீக்கச் சொல்லியிருந்தார்.