யார் சொல்லி நல்லது ஆனது?

அன்புள்ள தம்பி,

"சாமி இல்லை என்று முடிவு பண்ணிவிட்டேன் அக்கா. இனி நல்லது கெட்டது எல்லாம் அவரவர் மனசுதானே?" என்று கேட்டிருக்கிறாய். முதல் வரி நீயே யோசித்து வந்தது. அதில் நான் தலையிடவில்லை. இரண்டாவது வரியை யாரோ சொல்ல, மெல்லாமல் விழுங்கியிருக்கிறாய். திட்டு அதற்குத்தான்.

திருச்சி தென்னூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறாய். உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத சமணர் படுக்கைகள் அந்தப் பாறையில் இருக்கின்றன. அங்கே படுத்துத் தூங்கியவர்கள் உலகத்தை ஒரு கடவுள் படைத்தார் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆனாலும் சிறு பூச்சிக்கும் தீங்கு வரக்கூடாது என்று பார்த்து நடந்தவர்கள். அவர்களுக்கு வினைப்பயன், மறுபிறவி என்ற பயம் இருந்ததே என்று குறுக்கே விழுவாய். சரி, அதுவும் இல்லாதவர்களைக் காட்டுகிறேன். பெரியாரும் மணியம்மையாரும் நம் திருச்சியில்தான் நாகம்மையார் பெயரில் இல்லம் வைத்து, ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார்கள். மேலே யாரும் கணக்கு எழுதவில்லை என்று உறுதியாக நம்பியவர்கள் அவர்கள்.

"அது அவர்களுடைய இரக்கம். இரக்கம் மனசுக்குள்ளே இருப்பதுதானே?" என்பாய். நீ வழுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படி. இரக்கம் மணியம்மையார் மனசில் இருந்தது, உண்மை. பசி எங்கே இருந்தது? குழந்தையின் வயிற்றில். அவர் இரக்கப்படாமல் கதவைச் சாத்தியிருந்தாலும் அந்தப் பசி தீர்ந்திருக்காது. குழந்தையைத் தூக்கச் சொல்லும் காரணம் குழந்தையிடம் இருக்கிறது. நம் மனசு அதைக் கண்டுகொள்கிறது, அல்லது கண்டும் காணாமல் போகிறது. காண்கிற கண் என்னுடையது என்பதற்காகக் காணப்படுவதும் என் கற்பனை ஆகிவிடுமா?

பக்திமான்களும் இதை அறிந்தவர்கள்தான். ராமானுஜர் கதை உனக்குத் தெரியும். திருக்கோஷ்டியூர் நம்பி உபதேசித்த மந்திரார்த்தத்தை வெளியில் சொன்னால் நரகம் என்பது குருவின் ஆணை. அவரோ கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டு, இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். அந்தக் கதையை ஸ்ரீரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறோமே, எதற்காக? கட்டளையைவிடப் பெரிய ஒன்றை வைத்து அவர் கட்டளையை அளந்தார், அதற்காக. தேவர்கள் விரும்புவதால் ஒன்று நல்லதா, நல்லது என்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா என்று கிரேக்கத்தில் சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியதும் இதே கேள்விதான். கடவுள் இருந்தாலுமே நன்மைக்கு அவருடைய உத்தரவு மட்டும் போதாது. அப்படியிருக்க, அவர் இல்லையென்றால் நன்மை மட்டும் எப்படிக் காணாமல் போகும்?

அடுத்து, ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதே என்பாய். மாறட்டும். தென்னூர் உழவர் சந்தையில் கத்தரிக்காய் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. அதை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். அதற்காக எடையில் ஏமாற்றுவது சந்தைக்குச் சந்தை சரியாகிவிடுமா? விலை என்னவாக இருந்தாலும், காசு கொடுத்தவர் குறைவாகத்தானே வாங்கிப்போகிறார்?

வழக்கமே அறம் என்றால், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை நீ தப்பு என்று சொல்லியாக வேண்டும். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்துக்கு எதிராக அவர் சென்னை சட்டசபையில் பேசியபோது, பழமையும் சாஸ்திரமும் சமூகப் பெரியவர்கள் பலரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். 1947இல்தான் அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு முந்தின நாள்வரை அந்தச் சிறுமிகளுக்கு நடந்தது சரி, மறுநாளிலிருந்து தப்பு என்று உன்னால் வாய் கூசாமல் சொல்ல முடியுமா? முடியாது. உன்னை எனக்குத் தெரியும்.

எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பளிச்சென்று விடை கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. வலியில் துடிக்கிறவருக்கு எதுவரை வைத்தியம் பார்ப்பது என்பதில் நல்லவர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் வாதாடுவதைக் கவனி. தங்களுக்கு எது பிடிக்கும் என்றா பேசுகிறார்கள்? படுத்திருப்பவருக்கு எது தகும் என்றுதானே பேசுகிறார்கள்?

கடைசியாக, வைகுண்ட ஏகாதசிக்குப் பாட்டியை ஸ்ரீரங்கம் கூட்டிப்போக மறுத்துவிட்டாயாமே, கொள்கை என்று சொல்லி. இதில் என்னடா கொள்கை? பரமபத வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மார்கழிக் குளிரில், அந்த நெரிசலில், பாட்டியால் தனியாக நிற்க முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல நீ நாத்திகனா ஆத்திகனா என்று பார்க்க வேண்டியதில்லை. உனக்குக் கும்பிட விருப்பமில்லை என்றால் கும்பிடாதே. பாட்டியும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார். கையைப் பிடித்து அழைத்துப் போ. கம்பளிச் சால்வையும் மாத்திரையும் மறக்காதே. மீதிச் சண்டையை வந்து எழுது.

அன்புடன்,
அக்கா