அனுப்பி வைக்கும் ஊழியம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

துபாய் சபையில் வாலிபர் ஐக்கியப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மிகுந்த சந்தோஷம். முதல் வேலையாகப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வருஷத்தை எழுதி வை. பெரும்பாலும் அந்த வருஷம் அது உன்னை விட்டுப் போய்விடும். கோயம்புத்தூரோ, பெங்களூருவோ, கனடாவோ, எங்கோ. துபாயிலேயே பிறந்த பிள்ளையானாலும் அங்கே குடியுரிமை கிடையாது. பெரும்பாலும் அப்பாவின் வேலையை நம்பித்தான் விசா. அப்பாவுக்கு வேலை போனால் பாதிப் படிப்பிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே அவர்களை நல்லபடியாக அனுப்பி வைப்பதுதான் உன் ஊழியத்தில் பெரிய பங்கு.

இங்கே பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் வளைகுடாப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு பெண் வந்தாள், சவுதியில் வளர்ந்தவள். அங்கே ஆலயமே கிடையாது. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் ஆராதித்துத்தான் பழக்கம். எங்கள் ஆலயத்தில் எல்லாரும் வாய்விட்டுக் கீர்த்தனை பாடும்போது அவள் உதடு மட்டும் அசையும். பின்வரிசையில் ஒரு அம்மாள், “கீர்த்தனைகூடத் தெரியாத பிள்ளை” என்றாள். அவளுக்கு எல்லாக் கீர்த்தனையும் தெரியும். சத்தமாகப் பாடத்தான் வரவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டேன். “அப்பாவுக்கு மெஞ்ஞானபுரம்” என்றாள். தனக்கு என்று ஒரு ஊரைச் சொல்லவில்லை.

இப்படிப் பெற்றோரின் நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள் என்று முதலில் அழைத்தவர் ரூத் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியலாளர். 1950-களில் நம் இந்தியாவுக்கு வந்து, இங்கே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைக் கவனித்தபோதுதான் அவருக்கு அது புலப்பட்டது. பிறகு மிஷனரிப் பிள்ளைகளிடையே பல காலம் ஊழியம் செய்த டேவிட் பொல்லாக், ஒரு இடத்தை விட்டுப் போகுமுன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிக் கொடுத்தார். மனஸ்தாபம் இருந்தால் ஒப்புரவாக வேண்டும். நன்மை செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆட்களிடம் மட்டுமல்ல, இடங்களிடமும் விடைபெற வேண்டும். போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து மனதைத் தயார் செய்ய வேண்டும். உன் பட்டியலில் கடைசி வருஷப் பிள்ளைகளை உட்கார வைத்து இவற்றைச் செய்ய வை. நம் சபைகளில் ஒரு குடும்பம் கிளம்பினால் கேக் வெட்டி, சால்வை போர்த்தி, ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். மறுவாரம் காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்க்கிற சிநேகிதனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அவனையும் விசாரி. வருஷத்துக்கு ஒரு சிநேகிதனை இழக்கிற பிள்ளை, கொஞ்ச காலத்தில் புதிதாக வருகிறவனிடம் ஒட்டாமலே இருக்கப் பழகிவிடும்.

தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதே. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கர், தாய் யூதப்பெண். லீஸ்திராவில் இரண்டுங்கெட்டானாக வளர்ந்த அந்தப் பையனுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாகத்தான். உன் பிள்ளைகளுக்கும் ஊரில் பாட்டி இருக்கிறாள், கையில் போனும் இருக்கிறது. நம் குடும்பம் எப்படி ஆண்டவரை அறிந்தது, கஷ்டத்தில் பாட்டி என்ன ஜெபம் பண்ணினாள் என்று வீடியோ காலில் கேட்டு வரச் சொல். அரைகுறைத் தமிழானாலும் பாட்டிக்குப் புரியும். கேட்டதை அவர்களுக்கு வருகிற பாஷையில் ஐக்கியத்தில் சொல்லட்டும். பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். பொறுமையாகப் பேசு, பாஷையும் போய்விடுமோ என்ற அவர்கள் பயம் நியாயமானது.

உங்கள் ஊத் மேத்தா ஆலய வளாகத்தில் ஒரு சபை எழும்புமுன் அடுத்த சபை வாசலில் நிற்கும். அந்தக் குறைந்த நேரத்தையும் பிரசங்கத்திலேயே கழித்துவிடாதே. 2022-ல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரமே விட்டுவிடுகிறது. அன்று மாலை யாராவது ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிடுங்கள். பெற்றோருக்குச் சொல்லிவிட்டுச் செய். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியே இருக்க வேண்டாம். இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

இன்னொன்று. இஸ்லாமியரை மதம் மாற்ற முயல்வது அங்கே குற்றம். உற்சாகத்தில் பிள்ளைகள் கையில் துண்டுப்பிரதி கொடுத்து அனுப்பிவிடாதே. ஆலயம் கட்ட நிலம் தந்தவர்களே அந்நாட்டு ஆட்சியாளர்கள்தான். அவர்களுக்காக ஜெபிக்கவும், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் எமிராத்திப் பிள்ளையிடம் உண்மையாக நடக்கவும் கற்றுக்கொடு. நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் தானியேலும் நேர்மையாக வேலை செய்து காட்டியவன்தானே.

ஒரு பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள சபைப் போதகருக்கோ, கல்லூரியில் இ.யூ. என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் இருந்தால் அதன் பொறுப்பாளருக்கோ முன்கூட்டியே எழுது. “இந்தப் பிள்ளை வருகிறது, கீபோர்டு வாசிக்கும், கூச்ச சுபாவம், முதல் வாரமே வீட்டுக்குக் கூப்பிடுங்கள்” என்று விவரமாக எழுது. முதல் மாதத்தில் யாரும் கூப்பிடாத பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விடுதியிலேயே தூங்கப் பழகிவிடுகிறது.

இங்கே வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடப்பது மே மாதம். உங்கள் பிள்ளைகள் ஊருக்கு வருவதோ ஜூலை, ஆகஸ்டில். அதனால் ஜூலை கடைசியில் அவர்களுக்கென்று மூன்று நாள் கூடுகை வைக்கலாம் என்று எங்கள் போதகரிடம் பேசியிருக்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் யார் யார் வருகிறார்கள், எந்த ஊர், எந்த வகுப்பு என்று சீக்கிரம் எழுது. சாப்பாடு உன் பெரியம்மா பொறுப்பு.

ஜெபத்துடன்,
உன் பெரியப்பா