எழுபத்தைந்து சென்ட்

மாணவர்களே, கன்னமிட்ட கள்வனைச் சுவரிலுள்ள துளை காட்டும். கணிப்பொறியினுட் புகுந்தவனைக் கணக்கேடே காட்டும்.

அமெரிக்க நாட்டின் லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில், 1986-ஆம் ஆண்டு, கணிப்பொறிக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் குறைந்தது. எவனோ ஒருவன் 9 விநாடி பயன்படுத்திவிட்டுக் கட்டணம் செலுத்தாமற் சென்றிருந்தான். அற்பத் தொகையென்று தள்ளுவோரே பலர். வானியல் அறிஞர் கிளிபோர்டு ஸ்டால் தள்ளினாரல்லர்.

வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தினார்; கள்வன் தட்டிய எழுத்துகளெல்லாம் தாளிற் பதிந்தன. கதவை உடனே அடைத்திருப்பின் அவன் வேறு வழி தேடியிருப்பான். யாவன் என்பதும் புலப்பட்டிராது. ஆதலின் அறியாதார்போல் நோக்கியிருந்தார். தொலைபேசித் தடத்தைப் பின்தொடர நெடுநேரம் வேண்டும். அவனோ விரைந்து அகல்பவன். எனவே, படைத்துறை மறைபொருள் போன்ற பொய்யேடுகளை எழுதி உள்ளே வைத்தார். அவற்றைப் படிக்க அவன் தங்கினான். தடம் மேற்கு செருமனியின் ஹானோவர் நகரத்து இளைஞன் ஒருவனிடம் சென்று முடிந்தது. அவனும் கூட்டாளிகளும் சோவியத்து உளவுத்துறைக்குச் செய்தி விற்றமை 1990-இல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.