புதிய பதிப்பை நிறுவ முன்னர்

எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்னும் லினக்ஸ் இயங்குதளம். வெளிவந்த காலம் அதன் பெயரிலேயே உண்டு: 2022ஆம் ஆண்டு, நான்காம் மாதம். அதனுடன் வந்த பைதன் மொழி 3.10ஆம் பதிப்பாகும். 2023 ஒக்டோபரில் 3.12 வெளிவந்திருப்பதை அறிந்த எனக்கு அதுவே வேண்டும் என்று ஆசை வந்தது.

முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' என்று கட்டளையிட்டேன். பைதன் மாறவில்லை. இக்கட்டளை களஞ்சியத்திலுள்ள பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். கடைக்குப் போய் விலைப்பட்டியலை வாங்கி வருவது போன்றது அது. பொருளை வாங்கி வருவது 'சுடோ ஆப்ட் அப்கிரேட்'. அதையும் இட்டேன், அப்போதும் 3.10தான். ஏனெனில், நீண்டகால ஆதரவுள்ள இப்பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆனால் பைதன் போன்ற அடிப்படைப் பொதிகள் அடுத்த பதிப்புக்குத் தாவுவதில்லை. ஒன்றோடொன்று பொருந்தும்படி சோதிக்கப்பட்டவை குலையக் கூடாது என்பதே நோக்கம்.

எனக்குப் பொறுமை இல்லை. வேறொரு களஞ்சியத்திலிருந்து 3.12ஐ நிறுவி, 'பைதன்3' என்ற பெயர் அதையே சுட்டும்படி மாற்றினேன். அதன்பின் கட்டளையிடும் டெர்மினல் சாளரம் திறக்கவேயில்லை. நானா மறுநாள் கையளிக்க வேண்டிய ஒப்படையும் அதே கணினியில்தான் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

நானா ஏசவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினார். எழுத்து மட்டுமுள்ள கறுப்புத் திரை வந்தது. அதில் நுழைந்து, 'பைதன்3' மீண்டும் 3.10ஐச் சுட்டும்படி செய்தார். சாளரம் திறந்தது. "அந்தச் சாளரத்தைத் தொடக்கி வைக்கும் நிரலே பைதனில் எழுதினதுதான். அதுக்குத் தேவையான பகுதிகள் 3.10க்கென்று செய்தவை. நீ அத்திவாரக் கல்லை உருவிட்டாய்" என்றார்.

அன்று கற்றவை இவை:

1. 'ஆப்ட் பொலிசி' என்பதுடன் பொதியின் பெயரை இட்டு, நிறுவியுள்ள பதிப்பையும் களஞ்சியத்தில் கிடைக்கும் பதிப்பையும் முதலில் பாருங்கள்.

2. இயங்குதளம் பயன்படுத்தும் பைதனை நீக்கவோ மாற்றவோ வேண்டாம். புதியதை அதனருகே வைத்து, 'பைதன்3.12' என முழுப்பெயரால் அழையுங்கள்.

3. ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் தனியான மெய்நிகர் சூழலை உருவாக்குங்கள். அங்கே பிழைத்தாலும் கணினி பிழைக்காது.

4. லிப்ரே ஒபிஸ் போன்ற செயலிகளின் புதிய பதிப்பு வேண்டுமாயின் பிளாட்பேக் முறை நல்லது. தனக்கு வேண்டியதைத் தன்னோடு கொண்டு வருவதால் ஏனையவற்றைக் குழப்பாது.

இப்போது எங்கள் கணினியில் இரு பதிப்புகளும் உள்ளன. பழையது கணினியைத் தாங்குகிறது. புதியதில் நான் படிக்கிறேன்.