பச்சிளங் குழந்தையின் தலைப் பொருக்கு

குழந்தை பிறந்து சில வாரங்கள் சென்றபின், அதன் உச்சந்தலையில் மஞ்சள் நிறமான, பிசுக்குள்ள செதில்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். சில குழந்தைகளுக்கு இது தவிடு போல் மெல்லியதாகவும், வேறு சில குழந்தைகளுக்குக் காய்ந்த கஞ்சி ஏடு போல் தடித்தும் இருக்கும். புருவத்திலும் காதின் பின்புறத்திலும் கழுத்து மடிப்பிலும் தோன்றுவதும் உண்டு. மருத்துவர்கள் இதனை ‘ஸெபோரிக் டெர்மடைடிஸ்’ என்னும் தோல் அழற்சியின் ஒரு வகையாகக் கூறுவர். நாம் இதனைத் தலைப் பொருக்கு என்றே குறிப்பிடுவோம்.

இப்பொருக்கினால் குழந்தைக்கு உண்டாகும் துன்பம் மிகச் சொற்பம். அதைப் போக்குவதாக எண்ணி நாம் செய்யும் சில காரியங்களால் விளையும் துன்பமோ பெரிது. ஆகையால் இதன் தன்மையை யாவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

காரணம் யாது?

தாயின் உடலிலிருந்து கருவிலேயே குழந்தைக்குச் சென்ற ஹார்மோன்கள், பிறந்த பின்னும் சில காலம் தங்கியிருந்து, தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. மிகுதியாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசையில், உதிர வேண்டிய செதில்கள் உதிராமல் படிந்துவிடுகின்றன. மனிதர் தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சைக்கும் இதில் பங்கு உண்டென்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இது தாயின் அசுத்தத்தால் வருவதன்று, பத்தியம் தவறியதால் வருவதன்று, தோஷமும் அன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. அவ்வாறிருக்க, “பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை” என்று இளந்தாயைக் கடிந்துகொள்வது எவ்வகையில் நியாயமாகும்? தாய்ப்பாலின் சூடே காரணம் என்று சொல்லிப் பாலை நிறுத்திப் புட்டிப்பால் புகட்டுவது அதனினும் தீங்கானது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே குழந்தைக்கு உணவும் காப்புமாகும். பொருக்கிற்காக அதனை ஒரு வேளையும் நிறுத்தலாகாது.

செய்ய வேண்டியது

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே மறைந்துவிடும். விரைவில் நீங்க வேண்டுமாயின், சுத்தமான தேங்காய் எண்ணெய் சில துளிகளைப் பொருக்கின்மேல் மென்மையாகத் தடவி, 15 நிமிஷங்கள் ஊறவிட வேண்டும். பின்னர் மிருதுவான துணியாலோ குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷினாலோ லேசாகத் தேய்த்துக் கொடுத்தால் செதில்கள் இளகிப் பெயரும். குழந்தைகளுக்கான மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு, எண்ணெய்ப் பசை தங்காமல் கழுவிவிட வேண்டும். எண்ணெய் தலையிலேயே நின்றுவிட்டால் செதில்கள் மேலும் படியும். வாரத்தில் இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் போதுமானது.

விதைத்த நிலத்தில் மழைக்குப் பின் ஏடு இறுகிவிட்டால், முளை வரும் இடத்தில் நாம் மண்வெட்டியைப் போடுவதில்லை. நீர் தெளித்து, மண்ணை இளக்கி, முளைக்கு வழிவிடுகிறோம். குழந்தையின் தலைக்கும் அந்தப் பொறுமையே வேண்டும்.

செய்யத் தகாதது

நகத்தாலோ சீப்பின் பல்லாலோ பொருக்கைப் பெயர்த்தல் கூடாது. தோல் கிழிந்து சீழ் பிடிக்கும். சாம்பல், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுதல் கூடாது. சீயக்காய்த் தூள் கண்ணில் பட்டால் எரிச்சலை உண்டாக்கும். பிஞ்சுத் தோலையும் உறுத்தும். பெரியவர்களின் பொடுகு ஷாம்புகளிலுள்ள மருந்துகள் குழந்தையின் தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடும். கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புகளும் ஆகா.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய தருணம்

பொருக்குள்ள இடம் சிவந்து வீங்கினாலும், நீரோ சீழோ இரத்தமோ கசிந்தாலும், முகத்திலும் உடலிலும் பரவினாலும், முடி திட்டுத் திட்டாக உதிர்ந்தாலும், சில வாரங்களில் குறையாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடிக்கடி பேதியாகி எடை ஏறாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ சிறிதும் தாமதித்தல் கூடாது. வண்டி வசதியில்லையெனில் 108 எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம்.

நமது கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைப் பெண்களின் காரியமென்று ஒதுக்கிவிடலாகாது. கிராம சுகாதார செவிலியர் எந்நாளில் வருகிறார் என்பதை ஒவ்வொரு தெருவிலும் அறியச் செய்யலாம். கிராம சபை கூடும்போது அவரை இரண்டு வார்த்தை பேசும்படி அழைக்கலாம். பேரனைத் தூக்கி வைத்திருக்கும் பாட்டிமார்களும் அதைக் கேட்பார்களாயின், ஒரு குழந்தையின் தலை புண்ணாகாமலும், ஒரு தாயின் மனம் புண்படாமலும் காத்தவர்களாவோம்.