வீடு ஆபீஸ் ஆனா ஸ்லாப் தாங்குமா?

வாஷிங்டன் நகரத்தில் 1917-ல் கட்டி முடித்த மெக்கார்மிக் அபார்ட்மென்ட்ஸில் பெரும்பாலும் ஒரு மாடிக்கு ஒரே வீடு. ஒவ்வொன்றும் சுமார் 11,000 சதுர அடி! (ஹாஸ்டல் ரூமை நினைச்சுக்காதீங்க.) மேல்மாடியில் குடியிருந்தவர் முன்னாள் நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன். 1936-ல் கலைப்பொருள் வியாபாரி ஜோசப் டுவீன் அவருக்குக் கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓவியங்களை மாட்டி, சாவியை மெலனிடமே கொடுத்துவிட்டார். மனுஷன் தினமும் இறங்கி வந்து பார்த்து, கடைசியில் ஓவியமும் சிற்பமுமாக 42 வாங்கினார். அவை அதே ஊர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போயின.

1941-ல், போர்க்காலத்தில், கட்டடம் அலுவலகமானது. இன்றும் அலுவலகம்தான்.

இப்போ நம்ம பாடம். ஐஎஸ் 875, இரண்டாம் பகுதியைப் பிரிங்க. வீட்டு அறைக்கு லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். தனி ஸ்டோர் ரூம் இல்லாத அலுவலக அறைக்கு 4. சுவர்கூட மாறல, லோடு மட்டும் இரட்டிப்பு! அதனால பழைய ஸ்லாபைச் சோதிக்காம பைல் ரேக்கை ஏற்றக் கூடாது. ஏற்றினாலும் ஸ்லாப் நடுவில் வேண்டாம், பெண்டிங் மொமென்ட் அங்கேதான் எகிறும். பீம், சுவர் பக்கமா ஒதுக்குங்க.

ஏசி டக்ட் இன்னொரு தலைவலி. மெக்கார்மிக்கில் கூரை உயரம் சுமார் 14 அடி, இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனா ஃபால்ஸ் சீலிங் போட்டா பழைய பூவேலைக் கூரை மறைஞ்சுடும். நீங்க டிசைனரா இருந்தா டக்டை எந்த வழியா கொண்டுபோவீங்க?