ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்தக் காசு: 20 ரூபாய் யாரை மாற்றும்?

பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது. பல்லவனோ வைகையோ பிடிக்கணும்னா சுமார் 30 கி.மீ. தள்ளி அரியலூர் வரணும். பைக்கில் வந்து, ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதற்குப் போக்குவரத்துப் பொறியியலில் 'பார்க் அண்ட் ரைடு' என்று பெயர். டோக்கன் வாங்கும்போது "டிக்கெட்டும் எடுத்து, இதுக்கும் காசா?" என்று உங்களுக்குத் தோன்றும். கணக்குப் போட்டே பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

இலவசமாக விட்டால்?

100 பைக் நிற்கும் இடம், 120 பேர் வருகிறார்கள். அதில் 25 பேர் ரயில் ஏறாதவர்கள். பக்கத்துக் கடைத்தெருவில் வேலை. காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். கடைசியில் வரும் 20 பேர், ரயில் பயணிகளே ஆனாலும், தெருவில்தான் நிறுத்தணும். காசு வாங்க ஆரம்பித்ததும் அந்த 25 பேர் விலகினால், 95 வண்டி. எல்லாருக்கும் இடம் உண்டு, 5 இடம் மிச்சம். ஆக, கட்டணத்தின் முதல் வேலை வசூல் இல்லை. இருக்கிற இடத்தைப் பங்கிடுவது. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்கிறது.

ஒரே கட்டணம், இரண்டு விளைவு

லிட்டருக்கு 50 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய், நிறுத்தக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய் என்று வைப்போம்.

பெரம்பலூர்க்காரர்: போக வர 60 கி.மீ., பெட்ரோல் 120 ரூபாய். கட்டணம் சேர்த்து 140. ஏறியது சுமார் 17 சதவீதம்.

அரியலூரில் 3 கி.மீ. தள்ளி இருப்பவர்: போக வர 6 கி.மீ., பெட்ரோல் 12 ரூபாய். கட்டணம் சேர்த்து 32. இரண்டரை மடங்குக்கு மேல்!

உள்ளூர்க்காரர் யோசிப்பார்: நடக்கலாம், சைக்கிளில் வரலாம், யாரையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். தூரத்துக்காரருக்கு இடம் கிடைக்கும். கட்டணம் இப்படித்தான் வேலை செய்யணும்.

எங்கே இடிக்கும்?

வெள்ளிக்கிழமை வண்டியை விட்டு ஞாயிறு ராத்திரி திரும்பும் மாணவருக்கு மூன்று நாள் கட்டணம், 60 ரூபாய். அவர் இறங்கும் நேரத்தில் பெரம்பலூருக்குப் பஸ் இருந்தால், அடுத்த வாரம் பஸ்ஸில் வருவார். பஸ் இல்லைன்னா? எவ்வளவு கேட்டாலும் கொடுத்தாகணும். மாற்று வழி உள்ளவருக்குத்தான் கட்டணம் ஒரு யோசனை. இல்லாதவருக்கு அது அபராதம்.

இன்னொரு சிக்கல். நம் ரயில் நிலையங்களில் நிறுத்துமிடம் பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்குப் போகிறது. எடுத்தவருக்கு வசூல்தான் கணக்கு. நிறுத்தியவர் ரயில் ஏறினாரா என்பது அவர் கவலை இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் 'பார்ட்' ரயில் நிறுவனம் 2013-ல், இடம் எவ்வளவு நிரம்புகிறது என்பதைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே அளவுகோல் நிரம்பும் விகிதம். நாமும் அதைத்தான் கேட்கணும்.

மினி ப்ராஜெக்ட் தேடுறீங்களா? ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, அரியலூர் ஸ்டேஷனில் மணிக்கொரு தடவை வண்டிகளை எண்ணுங்க. வருபவரிடம் மூன்றே கேள்வி: எங்கிருந்து வர்றீங்க, ரயில் ஏறுறீங்களா, திரும்பும்போது பஸ் இருக்கா? கட்டணத்தை ஏத்தணுமா, பஸ்ஸை விடணுமா என்பதற்கு அந்த மூன்றாவது பதில்தான் ஆதாரம்.